லைக் வேண்டுமா, பதில் வேண்டுமா: சேலம் போலீசுக்கு எந்தச் சமூக ஊடக வழி தோதுப்படும்?

எந்தக் காவல் நிலையத்தில் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஆள் பற்றாக்குறைதான். பந்தோபஸ்து, கோர்ட் டியூட்டி, இரவு ரோந்து, மனு விசாரணை எல்லாம் போக, சமூக ஊடகத்துக்கென்று ஒதுக்க முடிந்தது ஒரு காவலர், ஒரு ஃபோன், நாளுக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை எதில் போட்டால் சேலத்து மக்களுக்குப் போலீஸ் மேல் நம்பிக்கை கூடும்?

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கோ வணிகர் சங்கக் கூட்டத்துக்கோ இன்ஸ்பெக்டர் வந்தால் இதற்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ‘கேரளா போலீஸ் மாதிரி மீம் போடுங்க சார்’ என்பார் ஒருவர். ‘ட்விட்டர்ல டேக் பண்ணினா நடவடிக்கை எடுக்கற மாதிரி செய்யுங்க’ என்பார் இன்னொருவர். ‘அதெல்லாம் வேணாம், ஏரியாவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் போதும்’ என்று மூன்றாமவர். மூன்றுமே எங்கோ ஓர் ஊரில் பலன் கொடுத்தவைதான். அதனால்தான் தேர்ந்தெடுப்பது சிரமம்.

நான் இவற்றை ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் தட்டிப் பார்க்கிறேன். ஊரில் கெட்டது ஏதாவது நடந்து, போலீஸ் சொல்வதை மக்கள் நம்பியே ஆக வேண்டிய நாள் ஒன்று வருகிறது. அன்றைக்கு இந்தக் கணக்கின் பேச்சு எடுபடுமா? மற்ற நாளெல்லாம் எவ்வளவு கைதட்டல் வாங்கியது என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

அதற்கு முன்னால் சேலத்தின் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே போலீஸ் ஒன்றல்ல, இரண்டு. ஆணையர் தலைமையில் மாநகரக் காவல், கண்காணிப்பாளர் தலைமையில் மாவட்டக் காவல். கன்னங்குறிச்சி நிலையம் மாநகரத்தில் வரும். வண்டியை எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு நிலையம் மாவட்டத்தில் வரும். இரண்டுக்கும் சமூக ஊடகக் கணக்குகள் தனித்தனி. அடிவாரத்தில் நிற்கிற சுற்றுலாப் பயணிக்கு இந்த எல்லை எங்கே தெரியப்போகிறது? மலையைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

சரி, முதலில் மீம்.

மும்பை போலீஸ் ட்விட்டருக்கு வந்தது 2015 டிசம்பரில். சிலேடையும் நக்கலுமாகப் போதைப்பொருள், குடித்துவிட்டு ஓட்டுவது, பாஸ்வேர்டு என்று எல்லாவற்றையும் பேசி நாடு முழுக்கப் பேர் வாங்கியது. பெங்களூரு போலீஸ் அதே வழியில் அதற்கும் முன்பே நடை போட்டிருந்தது. கேரளக் காவல்துறை சினிமாக் காட்சிகளை மீமாக்கி, கமெண்ட்டில் கிண்டல் செய்தவர்களுக்கு அதே கிண்டலில் பதில் கொடுத்து, ஃபேஸ்புக்கில் லட்சக்கணக்கானோரைச் சேர்த்தது. ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே பயந்தவர்கள் போலீஸ் பக்கத்தில் போய்ச் சிரித்துவிட்டு வருகிறார்கள். அது சாதாரண விஷயம் இல்லை. ஹெல்மெட், ஓடிபி, கடன் ஆப் மாதிரி எல்லா ஊருக்கும் பொதுவான விஷயங்களை வேகமாகக் கொண்டு சேர்க்க மீமை விடச் சிறந்த வண்டி கிடையாது.

ஆனால் அதற்கு எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். கேரளத்தில் இதற்கென்றே போலீசுக்குள் ஒரு குழு உட்கார்ந்து வேலை செய்தது. நகைச்சுவை வராதவர் போடும் மீம், கல்யாண வீட்டில் பெரியப்பா சொல்லும் ஜோக்தான். ஒரு காவலர், ஒரு மணி நேரம் என்கிற கணக்கில் இது தேறாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சிரித்த முகத்தை அவசரத்துக்கு மாற்ற முடியாது. நியூயார்க் போலீஸ் 2014 ஏப்ரலில், எங்கள் போலீஸ்காரர்களோடு நீங்கள் எடுத்த படங்களை ஒரு ஹேஷ்டேக்கோடு பகிருங்கள் என்று மக்களை அழைத்தது. வந்து குவிந்தவை போலீஸ்காரர்கள் பொதுமக்களை அடிக்கும், இழுத்துச் செல்லும் படங்கள். ஊரில் இருக்கும் கோபத்தைத் தீர்க்காமல் அன்பைக் கேட்டால் இப்படித்தான் ஆகும். சாத்தான்குளம் நடந்த 2020 ஜூனில் தமிழ்நாட்டில் எந்தப் போலீஸ் கணக்காவது மீம் போட்டிருந்தால் கமெண்ட் பகுதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு தனி ரகமும் இருக்கிறது. ரவுடி ஒருவர் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ கை கால் மாவுக்கட்டோடு நிற்கும் படம். அது எந்தக் கணக்கில் வந்தாலும் லைக் குவியும், ‘சூப்பர் சார்’ என்று கமெண்ட் பறக்கும். நான் இதை எதிர்க்கிறேன். லைக் போடுகிறவர்களில் பாதிப் பேர், நாளைக்குத் தன் தம்பியோ பையனோ ஏதோ ஒரு தகராறில் ஸ்டேஷனுக்குப் போனால் அதே படத்தை நினைத்துத்தான் நடுங்குவார்கள். அது பயம். பயத்தை நம்பிக்கைக் கணக்கில் எழுதக்கூடாது. பின்னணி இசையோடு ஜீப்பிலிருந்து இறங்கும் ரீல்ஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2023 பிப்ரவரியிலேயே டியூட்டி நேர ரீல்ஸுக்குத் தடை போட்டுவிட்டது.

ஆக, மீம் சென்னைத் தலைமையகம் செய்யட்டும். எழுத ஆள் வைத்துக்கொள்ள அவர்களால் முடியும். சேலத்து நிலையங்கள் அதை எடுத்துப் பகிர்ந்தால் போதும்.

அடுத்தது டேக் செய்து புகார் சொல்வது. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

டெல்லி போக்குவரத்து போலீஸ் 2010-ல், காமன்வெல்த் போட்டிக்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு ஃபேஸ்புக் பக்கம் தொடங்கியது. விதிமீறல்களை மக்களே படம் எடுத்துப் போடத் தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 3,000 படங்கள். அவற்றில் தெரிந்த வண்டி எண்களை வைத்து 665 பேருக்கு அபராதச் சீட்டு போனது. போலீஸ்காரர்களே ஹெல்மெட் இல்லாமல் போகும் படங்களும் வந்தன. அந்தப் பக்கம் எடுபட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடுத்தவனை மட்டும் மாட்டிவிடும் பக்கம் என்றால் இரண்டு வாரத்தில் சலித்துப் போயிருக்கும்.

சேலத்தில் இதற்குத் தீனிக்குக் குறைவில்லை. ஐந்து ரோடு சந்திப்பு, புதிய பஸ் ஸ்டாண்டு வாசல், செவ்வாய்ப்பேட்டையில் லோடு இறக்கும் நேரம், காதைக் கிழிக்கும் ஏர் ஹாரன், எதிர்த்திசையில் வரும் பைக். படம் எடுக்க எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கிறது. படம் போன பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் சிக்கல்.

பள்ளி விடும் நேரத்தில் ஒருவழித் தெருவில் எதிரே வரும் வண்டிகளைப் படம் எடுத்து நானும் ஒருமுறை டேக் செய்தேன். அன்றைக்கே பதில் வந்தது: ‘தங்கள் புகார் சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்பப்பட்டுள்ளது.’ அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நானும் மறந்துவிட்டேன். ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் தெருமுனையில் இரும்புத் தடுப்பு நிற்கிறது, மாலை நேரத்தில் ஒரு ஊர்க்காவல் படை ஆளும் நிற்கிறார். என் புகாரால் வந்ததா, தலைமையாசிரியர் எழுதிய கடிதத்தால் வந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. வேலை நடந்திருக்கிறது. நடந்ததை யாரும் சொல்லவில்லை. ‘தடுப்பு வைத்துவிட்டோம், இன்னும் வண்டி வந்தால் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி வந்திருந்தால் அந்தத் தெரு முழுக்க நானே அதைச் சொல்லித் திரிந்திருப்பேன்.

அதை நான் இரண்டாவது செய்தி என்பேன். புகார் வந்து சேர்ந்தது என்று சொல்லும் முதல் செய்தியைக் கணினியே அனுப்பிவிடும். என்ன ஆனது என்று சொல்லும் இரண்டாவது செய்தியை ஆள்தான் அனுப்ப வேண்டும். ஸ்டேஷனில் மனு கொடுத்தவர் சிஎஸ்ஆர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘ஏட்டய்யா, நம்ம மனு என்னாச்சு’ என்று ரைட்டர் முன்னால் போய் நிற்கிறாரே, அவர் கேட்பதும் அந்த இரண்டாவது செய்தியைத்தான். ‘முடியாது, இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்’ என்பதும் ஒரு பதில்தான். கோபம் வரும், ஆனால் நாள் கணக்கில் அலைய வேண்டியதில்லை.

டேக் செய்யும் முறைக்குச் சில எல்லைகளும் உண்டு. எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் கணக்கு வைத்திருப்பவர் யார்? ஐடி வேலைக்காரர், கல்லூரிப் பிள்ளை, நிருபர். அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவரோ, வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவரோ அங்கே இல்லை. அவர்களிடம் இருப்பது வாட்ஸ்அப். டேக்குக்கு மட்டும் ஓடி ஓடிப் பதில் சொல்லும் போலீஸ், சத்தம் போடத் தெரிந்தவருக்கு மட்டும் வேலை செய்கிறது என்ற பெயரைத்தான் வாங்கும்.

அப்புறம், எல்லாப் புகாரும் சந்தியில் வைக்கக்கூடியது இல்லை. புருஷன் அடிக்கிறான், ஒருவன் பின்தொடர்கிறான் என்பதை ஒரு பெண் பொதுவெளியில் எழுத முடியாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவரின் உறவினரே ஆத்திரத்தில் பெயரைப் போட்டு டேக் செய்துவிடுவது உண்டு. அதைப் பார்த்த உடனே தனிச் செய்தியில் கூப்பிட்டுப் பேசி எடுக்கச் சொல்ல, கணக்கைப் பார்க்கும் காவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆன்லைன் மோசடியில் பணம் பறிபோனவர் டேக் செய்துகொண்டிருக்கவே கூடாது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். நேரம் போகப் போகப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும். பக்கத்தின் முதல் வரியிலேயே இதை எழுதிப் போட்டுவிடலாம்.

மூன்றாவது, ஏரியா வாட்ஸ்அப். எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே இதன் கோளாறுகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குரூப் என்று தொடங்கினால் காலையில் ரோஜாப்பூவோடு குட்மார்னிங், மதியம் நிலம் விற்பனைக்கு, மாலை சாக்கடை அடைப்பு, இரவில் கட்சிச் சண்டை. இன்ஸ்பெக்டர் சேர்ந்திருக்கும் ஒரு குரூப்பில் நான் பார்த்தது இது: மத்தியான நேரத்தில் ஒருவர் ஒரு படம் போட்டார். தோளில் மூட்டை, கையில் குச்சி, வீடு வீடாக எட்டிப் பார்க்கும் ஆள். ‘சந்தேகப்படும் நபர், உஷார்’ என்று எழுதியிருந்தார். அடுத்தடுத்து வந்தவர்கள் ஆளுக்கொரு வரி சேர்த்தார்கள். நேற்று எங்கள் தெருவிலும் பார்த்தேன், இவர்கள் கும்பலாக வருகிறார்கள், குழந்தைகளை வெளியே விடாதீர்கள். கடைசியில் மாடி வீட்டு அம்மா ஒருவர், ‘அவர்கிட்ட இப்பத்தான் ரெண்டு கம்பளி வாங்கினேன்’ என்று போட்டார். அத்தோடு அமைதி. அந்த நேரமெல்லாம் குரூப்பில் போலீஸ் தரப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. பார்த்திருக்கக்கூட மாட்டார்கள், பந்தோபஸ்தில் இருந்திருப்பார்கள்.

கம்பளிக்காரர் தப்பித்தார். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அப்படி முடியவில்லை. குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியில் ஊறிப்போயிருந்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. போலீஸ் பெயர் தாங்கிய குரூப்பில் ஒரு வதந்தி மறுப்பில்லாமல் கிடந்தால், போலீசே ஆமோதித்த மாதிரிதான் ஊர் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, குரூப்பில் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே பெண்கள் சேர மாட்டார்கள், சேர்ந்தாலும் பேச மாட்டார்கள். 1,024 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது.

இதற்கெல்லாம் மாற்று, 2023-ல் வந்த வாட்ஸ்அப் சேனல். பின்தொடர்கிறவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது, குட்மார்னிங் தொல்லை இல்லை, எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். போலீஸ் ஒரு வரி போட்டால் அது அப்படியே குடும்பக் குரூப், பள்ளிக் குரூப், கோயில் கமிட்டிக் குரூப் என்று பரவும். வதந்தி போகிற அதே பாதையில் உண்மையும் போகும். ஆனால் சேனல் ஒருவழிப் பாதை. மக்கள் திருப்பிப் பேச முடியாது. எனவே சேனலோடு, செய்தி மட்டும் அனுப்பக்கூடிய ஒரு நிலைய எண்ணும் வேண்டும். சேனலில் அறிவிப்பு, எண்ணில் புகார், அந்த எண்ணிலிருந்தே இரண்டாவது செய்தி. அவசரம் என்றால் 100 அல்லது 112 என்று இரண்டிலும் எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் நள்ளிரவில் திருடனைப் பார்த்தவர் வாட்ஸ்அப்பில் டைப் செய்துகொண்டிருப்பார்.

நெதர்லாந்தில் ஒவ்வொரு பேட்டைக்கும் பொறுப்பான போலீஸ் அதிகாரிகள் தங்கள் பகுதிக்கென்றே சமூக ஊடகக் கணக்கு வைத்து எழுதுவது பல வருடமாக நடக்கிறது. நாட்டுச் செய்தி எதுவும் அங்கே வராது. எந்தத் தெருவில் சைக்கிள் திருட்டு, எந்தப் பள்ளி முன்னால் வேகம் அதிகம், இவ்வளவுதான். சேலத்துக்கும் அதுதான் சுவாரசியம். மீட்ட பைக்குகளின் எண்கள், ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் எந்த வழி அடைப்பு, வண்டி வேடிக்கை எனும் அலங்கார வண்டி ஊர்வலத்தன்று பஸ் எப்படிச் சுற்றிப் போகும், இந்த வாரம் பீட் பார்க்கும் காவலர் யார். தான் நடக்கும் தெருவின் பெயர் வரும் செய்தியைத்தான் மனுஷன் கடைசி வரி வரை படிப்பான்.

மொழி விஷயத்தையும் மறக்கக்கூடாது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, அவை பொய் என்று தமிழ்நாடு போலீஸ் சமூக ஊடகத்தில் வரிசையாக மறுத்தது. ஆனால் பயந்து போனவர்கள் இந்தி பேசுகிறவர்கள். சேலத்துக் கட்டட வேலையிலும் ஓட்டல்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எட்டும்படி, மறுப்பு என்று வரும்போதாவது, இந்தியிலும் ஒரு குரல் செய்தி போட வேண்டும். எழுத்தை விடக் குரல் நல்லது.

மலைக்கு வந்தால் கதையே வேறு. ஏற்காட்டில் போலீசிடம் ஜனங்கள் அதிகம் கேட்பது ‘ரோடு தொறந்திருக்கா’. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. அந்த மாதிரி நேரத்தில் மாற்றுப் பாதையான குப்பனூர் வழி போகலாமா, கார் மட்டும் விடுகிறார்களா, பஸ் எப்போது என்று தெரியாமல் அடிவாரத்தில் ஒரு கூட்டமும் மேலே ஒரு கூட்டமும் நிற்கும். பழைய வருடத்து மண்சரிவு வீடியோவை ‘இப்போது வந்த காட்சி’ என்று யாராவது அனுப்பியிருப்பார்கள்.

இதற்கு மாதிரி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து போலீஸ். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது அவர்கள் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் நேரத்துக்கு நேரம் தகவல் போட்டதோடு, பரவும் வதந்தி ஒவ்வொன்றையும் எடுத்து ‘இது பொய்’ என்று தனி ஹேஷ்டேக்கில் உடைத்தார்கள். பத்திரிகைகளே அதைப் பார்த்து எழுதின. அதில் மீம் இல்லை, அலங்காரம் இல்லை. நேரம், இடம், நிலவரம். ஏற்காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை. காலை, மதியம், மாலை என மூன்று வரி: சேலம் பாதை, குப்பனூர் பாதை, பனி மூட்டம். மே மாதக் கோடை விழா நாட்களில் மட்டும் நெரிசலையும் சேர்த்துப் போடலாம்.

இங்கேதான் அந்த எல்லைப் பிரச்சினை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்துவது ஒரு போலீஸ், மேலே பாதையைத் திறப்பது இன்னொரு போலீஸ் என்றால், இரண்டு கணக்கிலும் ஒரே வார்த்தை வர வேண்டும். ஒன்றில் ‘திறந்தாச்சு’, இன்னொன்றில் ‘தடை நீடிக்கிறது’ என்று இருந்தால் அடுத்த மழைக்கு யாரும் இரண்டையும் பார்க்க மாட்டார்கள், டீக்கடைக்காரரைத்தான் கேட்பார்கள். 2024 ஏப்ரல் 30 அன்று மலைப்பாதையில் தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போனது போன்ற ஒரு நாளில், கீழே இருக்கும் குடும்பத்துக்கு வேண்டியது எந்த ஆஸ்பத்திரி, யாரிடம் கேட்பது என்ற இரண்டே வரி. அதை எந்தக் கணக்கு முதலில் போடும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சிக்னல் இருக்கிற இடத்துக்கு. சேர்வராயன் மலைக் கிராமங்களில் பல இடங்களில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு நடக்க வேண்டும். காப்பித் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போகும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணிடம் சேனல் இணைப்பைக் கொடுத்துப் பயன் இல்லை. அங்கே மைக் கட்டிய ஜீப், ரேஷன் கடை நோட்டீஸ், ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம் ஆகியவைதான் சமூக ஊடகம். மாதம் ஒருமுறை ஒரு எஸ்ஐ போய் ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்து மனு வாங்கினால் எந்தச் செயலியும் அதற்கு ஈடாகாது.

நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. அதைக் கூட்டங்களில் யாரும் கேட்பதில்லை: தன் வேலையைத் திறந்து காட்டுவது. முதல் தகவல் அறிக்கையைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், பாலியல் குற்றம் போன்ற நுட்பமான வழக்குகளை மட்டும் விட்டுவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே உத்தரவிட்டது. அந்த விதிவிலக்கு எவ்வளவு முக்கியம் என்பது 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் தெரிந்தது. மாணவியின் விவரங்களோடு எஃப்ஐஆர் வெளியே கசிந்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திறந்து காட்டுவதற்கும் பொறுப்பான ஆள் வேண்டும்.

இங்கிலாந்தில் கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ் 2010 அக்டோபரில் ஒரே ஒரு நாள், 24 மணி நேரத்தில் வந்த அத்தனை அழைப்புகளையும் ட்விட்டரில் போட்டது. 3,205 சம்பவங்கள். பாலத்தின் மேல் ஒருவர் குழந்தையைத் தொங்கவிடுவதாக ஓர் அழைப்பு. போய்ப் பார்த்தால், பாலத்தைக் கண்டு பயப்படும் தன் நாயைத் தூக்கிக்கொண்டு போகிற மனிதர். போலீஸ் என்னதான் செய்கிறது என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. சேலத்திலும் வருடத்துக்கு ஒருநாள், பெயர் முகவரி இல்லாமல், இப்படிச் செய்து பார்க்கலாம். செலவு இல்லாத வேடிக்கை, ஆனால் படிக்கிறவர் பார்வை மாறும்.

திறந்து காட்டுவதன் கடினமான பாதி, தன் ஆள் தப்பு செய்யும்போது வருகிறது. 2021 ஜூன், ஊரடங்குக் காலம். சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் லத்தியால் அடிபட்ட ஒரு வியாபாரி மறுநாள் இறந்தார். அடித்த காட்சி செல்ஃபோனில் பதிவாகி ஊரெல்லாம் பரவியது. சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். இப்படி ஒரு வீடியோ வரும்போது போலீஸ் கணக்கு மூன்று விதமாக நடக்கலாம். வாயை மூடிக்கொண்டு அடுத்த ஹெல்மெட் போஸ்டருக்குப் போகலாம். வீடியோ எடுத்தவரைக் குறை சொல்லலாம். அல்லது, ‘வீடியோவைப் பார்த்தோம், இன்னார் பணியிடை நீக்கம், இந்த எண்ணில் வழக்கு, விசாரிப்பவர் இவர்’ என்று அதே கணக்கில், அதே நாளில் போடலாம். முன்னர் சொன்ன கெட்ட நாள் இதுதான். மீம் கணக்கால் மூன்றாவதைச் செய்ய முடியாது, முந்தின போஸ்ட்டே அதைக் கேலி செய்யும். தினமும் ‘தடுப்பு வைத்தாச்சு’, ‘பைக் கிடைத்தது’, ‘உங்கள் மனு சிவில் விவகாரம்’ என்று நல்லதையும் பிடிக்காததையும் ஒரே குரலில் சொல்லிப் பழகிய கணக்கால் முடியும்.

இதனால் என் தேர்வு நிலைய அளவிலான சேனலும் புகார் எண்ணும். மலைக்கு மட்டும் பாதை நிலவரம் முதலில், மற்றவை பிறகு. மாநகரப் போக்குவரத்துக்கு டேக் முறையும் இருக்கட்டும், இரண்டாவது செய்தி அனுப்பும் ஏற்பாடு இருந்தால். அது இல்லை என்றால் படம் கேட்காமல் இருப்பதே மேல்.

தொடங்கும் முன் இரண்டு ஏற்பாடு. கணக்கு பதவியின் பெயரில் இருக்க வேண்டும், அதிகாரியின் பெயரில் அல்ல. 2023 ஜூன் மாதம் ஓய்வு பெற்ற டிஜிபி சைலேந்திரபாபுவைப் பின்தொடர்ந்தவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட கூட்டம் அதிகாரியோடே போய்விடும், அடுத்து வருகிறவர் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இன்ஸ்பெக்டர் மாறினாலும் அதே எண், அதே சேனல், பாதியில் நிற்கும் புகார்களின் பட்டியல் எழுதிய ஒரு நோட்டு. இரண்டாவது ஏற்பாடு, போலிகள். போலீஸ் அதிகாரி படத்தோடு போலிக் கணக்கு தொடங்கிப் பணம் கேட்பதும், வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுவதும் சாதாரணமாகிவிட்டது. சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. எங்கள் எண் இது ஒன்றுதான், நாங்கள் யாரிடமும் பணம் கேட்க மாட்டோம் என்று ஸ்டேஷன் வாசலிலும், ரேஷன் கடையிலும், பஸ் ஸ்டாண்டிலும் பெயிண்டில் எழுதி வைக்க வேண்டும்.

எல்லா நிலையத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. மாநகரத்தில் ஒரு நிலையம், மலையில் ஏற்காடு, ஆறு மாதம். அதற்குப் பிறகு கணக்குப் பார்க்கும்போது ஃபாலோயர் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, நோட்டை எடுத்து, வந்த புகார்களில் எத்தனைக்கு இரண்டாவது செய்தி போயிருக்கிறது என்று பார்க்கட்டும். பாதிக்கும் கீழே என்றால் மற்ற நிலையங்களுக்குக் கொண்டுபோகும் முன் அந்த ஒரு மணி நேரத்தை இரண்டாக்க வேண்டியிருக்கும்.